படித்துக் காட்டியவர் கையெழுத்து

சின்னக் காஞ்சிபுரம்
22-6-2008, ஞாயிறு

அன்புள்ள அச்சுத் அண்ணாவுக்கு,

லக்ஷணா அநேக நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும்.

நீ சென்னையிலிருந்து அனுப்பிய படிவங்கள் வெள்ளிக்கிழமை கூரியரில் வந்தன. கையெழுத்து வாங்கி நான் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டோடும் ஒரு கடிதம் வைக்கப்போகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "சாப்பிட்டானான்னு கேளு, எண்ணெய் தேச்சுண்டானான்னு கேளு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எழுத்தில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பெருமை தராததையும் சேர்த்து, உள்ளபடி எழுதுவேன். நீ சிரித்தாலும் சரி.

முதலில் அப்பா. "டிவி சேனல்னா ஸ்டூடியோ இருக்கும், செய்தி வாசிக்கறவா இருப்பா. இவன் அங்கே என்னதான் பண்றான்?" என்று கேட்டார். எனக்குப் புரிந்த வரை சொன்னேன். உலகம் முழுக்க ஆட்கள் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் படமெடுத்து இணையத்தில் போடுகிறார்கள். அண்ணாவின் கம்பெனி எடுத்தவரிடம் உரிமம் வாங்குகிறது. அப்படி வாங்கிய இருபது துணுக்குகளை வரிசையாகக் கோத்தால் ஒரு மணி நேரம். மூலையில் ஒரு ஓட்டலின் பெயரைப் பதித்துவிட்டால் அது அந்த ஓட்டலின் சொந்த சேனல். "ஊரான் எடுத்த படத்துக்கு இவன் பேர் வைக்கறானா?" என்றார். "அவன் பேர் இல்லைப்பா, ஓட்டல் பேர்" என்றேன். உம் என்று எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் சன்னிதித் தெருவில் யாரிடமோ, "என் பிள்ளை டிவி சேனல் கட்டறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா காதால் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

அடுத்து குமாரவேல் அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், உனக்குத் தெரியும். ஆள் வராத நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி, எடுத்ததை இணையத்தில் ஏற்றுகிறார். இதுவரை நாற்பத்து மூன்று. கோயில் யானை குளிப்பது, மந்தாரை இலையில் இட்லி வேகுவது, மழையில் ரிக்‌ஷாவுக்கு அடியில் ஒரு நாய் தூங்குவது. "எங்க வூட்லயே யாரும் பாக்கலமா, இது டிவில வரப்போவுதா?" என்று கேட்டு, நான் பொறுக்கி எடுத்த பதினைந்துக்கான படிவங்களிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். படித்துப் பாருங்கள் என்றேன். "நீ வாத்தியார் பொண்ணு. தப்பா எதுனா எடுத்துக்கினு வருவியா?" என்றார்.

அந்தப் பதினைந்தில் ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முசரவாக்கத்தில் கங்கையம்மாள் என்பவர் தறியில் உட்கார்ந்து புடவை நெய்கிறார். இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. அவர் என் வகுப்புத் தோழி கலையரசியின் அம்மா. படம் முழுக்கக் கேமராவைத் திட்டுகிறார். "இன்னாப்பா, கையையே எடுத்துக்கினு கீற? மூஞ்சிய எடு. பவுடர் போட்டுக்கினு உக்காந்துக்கிறேன், அது வீணாப் பூடும்." நான்கு முறை பார்த்தேன், நான்கு முறையும் சிரித்தேன்.

ஒரு சந்தேகம். படத்தில் முகம் தெரிகிறவர் கையெழுத்தும் வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. படிவமோ ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாதவருக்குப் 'படித்துக் காட்டி விளக்கியவர்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அங்கே நான் கையெழுத்துப் போடலாமா? எனக்குப் பதினாறு வயதுதான்.

உன் அன்புத் தங்கை,
லக்ஷணா

*

திருவல்லிக்கேணி, சென்னை
29-6-2008

சிரஞ்சீவி லக்ஷணாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அப்பா சன்னிதித் தெருவில் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரியை மட்டும் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே. இன்ஜினியரிங்கில் ஏழு பேப்பர் விட்டவனைப் பற்றி அவர் வெளியில் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று உனக்கே தெரியும்.

இந்த வேலை எனக்கு வருகிறது லக்ஷ். வேறெதுவும் இப்படி வந்ததில்லை. நேற்று ஒரு மணி நேரத்தைக் கோத்து முடித்தேன். மீன் சந்தை, பனிமலை, குழந்தை கொட்டாவி விடுவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துணுக்குகள். ஆனால் கொட்டாவிக்கு அடுத்து கடலை வைத்தால் பார்ப்பவன் கண் நகர்வதில்லை. அதைக் கண்டுபிடித்தது நான். எங்கள் மேலாளர் திருஞானசம்பந்தம் சார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். அக்டோபரில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். உரிமம் வாங்கும் பொறுப்பும் முழுக்க என்னுடையதுதான்.

நீ அனுப்பிய தறித் துணுக்கைப் பார்த்து சார் கைதட்டினார். அதை எப்படியாவது வாங்கிவிடு. நீயே கோட்டில் கையெழுத்துப் போடு. உன்னைவிட ஒழுங்காகப் படித்துக் காட்ட ஊரில் யார் இருக்கிறார்கள்? வயதை ஒருவரும் கேட்கப்போவதில்லை.

ஒன்று கவனி. படிவத்தில் பத்து நிபந்தனைகள். ஏழாவது மட்டும் ஒரு பக்கம் நீளம், முழுக்க வக்கீல் பாஷை. அதை வாசித்தால் நம் ஊர் ஜனங்கள் பயந்துபோய், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிடுவார்கள். போன மாதம் வாலாஜாபாத்தில் ஒரு நல்ல துணுக்கு அப்படித்தான் கைவிட்டுப் போனது. ஏழாவதை விட்டுவிட்டு மற்றதைச் சொல். சாரம் எல்லாம் மற்ற ஒன்பதிலேயே வந்துவிடும்.

அம்மாவிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல். பாதி உண்மை.

அன்புடன்,
அச்சுத்

*

சின்னக் காஞ்சிபுரம்
13-7-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

கங்கையம்மாளின் படிவம் இத்துடன் இருக்கிறது. வாங்கிய விதத்தை எழுதுகிறேன்.

நேற்று கலையரசியோடு பஸ்ஸில் முசரவாக்கம் போனேன். அவர்கள் வீட்டில் பாதி இடம் தறிக்கு. கங்கையம்மாள் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, நெய்து முடித்த கரையின் மேல் போட்டார். பிறகு, "அய்ய, நம்ம லக்ஷணாவா" என்று தானே எடுத்தும் விட்டார்.

அது ஒரு வழக்கமாம். புதுக் கரை போட்டால் அந்நியர் வரும்போது மூடிவிட வேண்டும். அவருக்கு வேலை கொடுக்கும் முதலாளி பிள்ளையார்பாளையம் கலியாணசுந்தரம். வேப்பங்கொத்து மாதிரி ஒரு கரையை அவரே வரைந்து, ஐந்து தறிகளில் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, தீபாவளிக்கு முன்னால் ஒரே நாளில் தன் கடைகளுக்கு அனுப்புவார். அதுவரை வேறு கடைக்காரர் கண்ணில் அது படக்கூடாது.

"அப்போ குமாரவேல் அண்ணன் எடுத்தபோது?" என்று கேட்டேன்.

"துணிய எடுத்தாத்தான் ஜரிகை மின்னும்னுச்சி அந்தப் புள்ள. கம்ப்யூட்டருக்குள்ள கீறத யாரு பாக்கப்போறாங்கன்னு எடுத்துட்டேன். நாப்பத்தொரு பேரு பாத்துக்கிறாங்களாமே! அதுல முப்பது தபா இவதான் பாத்துருப்பா."

"நான் பத்துதான்மா" என்றாள் கலையரசி.

தரையில் உட்கார்ந்து படிவத்தைப் படித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கங்கையம்மாள் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருவது போலக் கேட்டார். ஆறாவது முடிந்ததும் எட்டாவதுக்குப் போனேன். கலையரசி என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும், ஆனால் எண்கள் தெரியுமே. "ஒரு பக்கத்த வுட்டுட்டியேடி" என்றாள். "அது வக்கீல் சமாச்சாரம்" என்றேன்.

கையெழுத்துப் போடுமுன் கங்கையம்மாள் ஒன்று கேட்டார். "இத நம்மூரு கடைங்கள்ல காட்டுவாங்களா கண்ணு?"

"இல்லம்மா. வெளியூர் ஓட்டல்ல" என்றேன்.

"அப்ப சரி" என்று போட்டார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக. அதன் கீழே நான் 'படித்துக் காட்டி விளக்கியவர்: ச. லக்ஷணா' என்று எழுதினேன். அச்சடித்த கோட்டில் என் பெயரை எழுதியது இதுதான் முதல் முறை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

காபி கொடுத்தார். குடித்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

உன் அன்புத் தங்கை,
லக்ஷணா

பி.கு.: ஏழாவதை வீட்டில் வந்து படித்தேன். அகராதி வைத்துக்கொண்டு படித்தும் பாதிதான் புரிந்தது. 'எந்தவொரு வணிக நிறுவனத்தின் பெயரோடும் காட்டலாம்' என்று ஓர் இடத்தில் வருகிறது. எந்தவொரு என்றால் ஓட்டல் மட்டுமா?

*

திருவல்லிக்கேணி, சென்னை
17-8-2008

சிரஞ்சீவி லக்ஷணாவுக்கு ஆசீர்வாதம்.

ஒரு மாதமாக எழுத நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே. மூன்று சேனல்கள் ஒரே சமயத்தில். ஒரு பஸ் கம்பெனிக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்கு, மூன்றாவது என்ன தெரியுமா? நம் ஊருக்கே! காந்தி ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் மூன்று மாடிப் பட்டுக்கடைக்கு. பெயர் 'பட்டு நேரம்'. ஒவ்வொரு மாடியிலும் பெரிய டிவி. புடவை எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும்போது பார்ப்பதற்கு. பெயர் வைத்தது, வரிசை கோத்தது எல்லாம் நான். உன் தறித் துணுக்குதான் முதலில் வருகிறது. ஒரு மணிக்கு இரண்டு முறை.

நீ ஏழாவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பொதுவாகப் போடுவது. எல்லாப் படிவத்திலும் இருக்கும்.

அப்பாவை ஒரு நாள் அந்தக் கடைக்கு அழைத்துப்போ. நான் செய்தது என்று சொல்லாதே. பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அச்சுத்

*

சின்னக் காஞ்சிபுரம்
21-9-2008, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் பரீட்சை இல்லை.

கடிதம் வந்த அன்றே கடைக்குப் போனேன். அப்பாவை அழைத்துப்போகவில்லை. முதலில் நான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முதல் மாடியில் சுவர் அளவு டிவி. கங்கையம்மாள் வந்தார். மூலையில் அந்தக் கடையின் பெயர், பொன் எழுத்தில். அவர் பேச்சை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருக்கிறீர்கள். வாய் மட்டும் அசைகிறது. வேப்பங்கொத்துக் கரை, ஓர் இலை ஒரு கை அகலத்துக்குத் தெரிகிறது. கடை ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கரை யாருதுடா, புச்சா கீது?" என்றார்.

அன்றே கலையரசியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் சேனல் அழகாக இருந்தது, அதனால். அவள் அம்மாவிடம் நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது, அதனாலும்தான்.

போன வாரம் அந்தக் கடையில் வேப்பங்கொத்துக் கரைப் புடவைகள் வந்துவிட்டன. விசைத்தறியில் எங்கோ நெய்தது. பாதி விலை. கலியாணசுந்தரம் தன் புடவைகளை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. யார் காட்டினார்கள் என்று விசாரித்திருக்கிறார். அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடையின் டிவியிலேயே கங்கையம்மாள் உட்கார்ந்திருக்கிறாரே.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து பாவை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கும் நூல் அத்தனையும். மூன்று புடவைக்கான நூலில் ஒன்றரைதான் நெய்திருந்தது. பாதிப் புடவையை அப்படியே கத்தரித்துச் சுருட்டினார்களாம். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். கரையை விற்றவள் என்று பெயர் வந்தால் இந்த ஊரில் வேறு எந்த முதலாளியும் பாவு கொடுக்கமாட்டார்.

கலையரசி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நேற்று நான் போனேன். தறி மரங்கள் மட்டும் நின்றன. கங்கையம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்ன ஒண்ணும் சொல்லல கண்ணு. நீ சின்னப் புள்ள. ஆனா நான் கேட்டனே" என்றார்.

கலையரசி வாசல் வரை வந்தாள். "நீ இங்கிலீஷ்ல பர்ஸ்ட் மார்க்குனுதான எங்கம்மா நம்பிக் கையெழுத்துப் போட்டாங்க? ஒரு பக்கம் வுட்டுட்டன்னு நான் சொன்னேன். வக்கீல் சமாச்சாரம்ன. இப்ப இன்னா சமாச்சாரம்டி?" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. "நீ எதுக்கு அழுவுற? உங்க வூட்லயா பாவு அறுத்தாங்க?" என்றாள்.

அந்தத் துணுக்கை எடுத்துவிடு அண்ணா. உடனே.

லக்ஷணா

*

திருவல்லிக்கேணி, சென்னை
26-9-2008

லக்ஷணாவுக்கு ஆசீர்வாதம்.

துணுக்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. அந்த வெள்ளைத் துணி விஷயத்தை ஜூலையிலேயே நீ எழுதியிருந்தாய். படித்தேன். படித்தும் எனக்கு அதில் ஜரிகைதான் தெரிந்தது.

இப்போது வேறு ஒன்று. கலியாணசுந்தரம் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு விஷயத்தைச் சொன்னீர்களா இல்லையா என்று கேட்டு. கம்பெனி வக்கீல் படிவத்தைப் பார்த்தார். பத்து நிபந்தனைகளும் படித்துக் காட்டப்பட்டன என்று, படித்துக் காட்டியவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கம்பெனிமேல் தவறில்லை என்கிறார். வாசகம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனால் யோசி. உன் கடிதம் இல்லையென்றால் மற்ற நாற்பது உரிமங்களையும் கிளறுவார்கள். எல்லாம் நான் வாங்கியவை. அக்டோபர் நிரந்தரம் இருக்கட்டும், இருக்கிற வேலையே இருக்காது. திரும்ப அந்த வீட்டுக்கு வந்து, அப்பா எதிரே தினமும் தட்டில் கை வைக்க என்னால் முடியாது.

கங்கையம்மாளுக்கு வேறு வழியில் ஏதாவது செய்வோம். சத்தியமாகச் செய்வோம். முதலில் இதை அனுப்பு.

உன்,
அச்சுத்

*

சின்னக் காஞ்சிபுரம்
2-10-2008, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நீ அனுப்பிய வாசகத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

செவ்வாய் சாயங்காலம் பிள்ளையார்பாளையம் போய்க் கலியாணசுந்தரத்தைப் பார்த்தேன். கூடத்தில் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "யாரு, சக்ரவர்த்தி வாத்தியார் பொண்ணா? இன்னாம்மா?" என்றார். கங்கையம்மாளுக்குத் தெரியாது, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன்.

"இதையேதான் அந்தம்மாவும் சொல்லுது. நாளைக்கு மிச்சம் நாலு தறிக்காரனும் எனக்குத் தெரியாதும்பான். தெரியாது தெரியாதுன்னா என் கரை திரும்பி வந்துடுமா? வாயால சொல்றதெல்லாம் வாணாம். எழுதிக் குடு. அந்தம்மா கேட்டுது, நீ இல்லன்ன, அத எழுத்துல குடு. மத்த தறிக்காரங்க முன்னால படிச்சிட்டு நானே பாவு தர்றேன். பதினெட்டு வருசம் எனக்கு நெய்ஞ்ச கை அது. எனக்கு மட்டும் நல்லாவா கீது?"

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். வெகு நேரம் படித்தார்.

"நீ மைனர். உன் கையெழுத்தே செல்லாது. செல்லாத கையெழுத்தைப் பத்தி யாருக்கு என்ன எழுதணும்? அவன் கேக்கறதுல போடு. மனசு வரலேன்னா சும்மா இரு. கிளம்பிப் போய் எழுதிக் குடுக்காதே."

"அந்தச் செல்லாத கையெழுத்தை நம்பித்தானேப்பா அவர் போட்டார்?"

"எதிர்த்துப் பேசாதே. நாலு பேர்கிட்ட என் பிள்ளை, என் பிள்ளைன்னு சொல்லிண்டிருக்கேன். ஏழு வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்றேன். உனக்கு அது தெரியறதா?"

தெரிகிறது என்றேன். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்:

'ஏழாவது நிபந்தனையை நான் படித்துக் காட்டவில்லை. உள்ளூர்க் கடைகளில் காட்டுவார்களா என்று கங்கையம்மாள் என்னைக் கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். எனக்குப் பதினாறு வயது.'

ஒரு பிரதியைக் கலியாணசுந்தரத்திடம் நாளைக் காலை கொடுக்கிறேன். இன்னொன்றைத் திருஞானசம்பந்தம் சாருக்கு திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். இந்தக் கடிதம் கூரியரில் உனக்கு அதற்கு முன்பே வந்துவிடும். நீயே சாரிடம் போய் முதலில் சொல்லிவிடலாம் என்பதற்காகத்தான் அந்த மூன்று நாள். தயவுசெய்து சொல்.

அதில் உன் பெயரை எழுதவில்லை. ஏழாவதை விடச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்டால், சொல்வேன். உன் ஜூன் மாதக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைக் கிழித்துப் போடும்படி எழுதாதே அண்ணா. நீ எழுதினால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

நீ கோக்கும் சேனல் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தேதான் இதைச் செய்கிறேன். தெரியாமல் செய்ததாக நினைக்காதே.

உன் அன்புத் தங்கை,
லக்ஷணா

*

காஞ்சிபுரம்
15-11-2008, சனி

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

அக்டோபரிலிருந்து இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. நீ இன்னும் திருவல்லிக்கேணியில்தான் இருக்கிறாயா, அறையை மாற்றிவிட்டாயா என்றுகூடத் தெரியவில்லை. பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

திருஞானசம்பந்தம் சார் எனக்கு எழுதியதை உனக்குச் சொல்ல வேண்டும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். விடச் சொன்னது யார் என்று கேட்டிருந்தார். நீ அவரிடம் போகவில்லை என்று அப்போது தெரிந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பிறகு பதில் எழுதினேன். என் அண்ணா சொன்னான், அது வாலாஜாபாத்தில் ஒருவர் பயந்து போய்விட்டதால் சொன்னது, யாரையும் ஏமாற்றும் எண்ணத்தில் இல்லை, விட்டது நான் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அது உன் வேலையைக் காப்பாற்றவில்லை.

கலியாணசுந்தரம் சொன்னபடி செய்தார். மற்ற நான்கு தறிக்காரர்களையும் கூப்பிட்டு, நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். என்னையும் நிற்கச் சொன்னார். நின்றேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முசரவாக்கத்துக்குப் புதுப் பாவு போயிற்று. சாதாரணக் கரைதான். புதுக் கரை இனி கொஞ்ச காலத்துக்குக் கிடையாது என்றாராம். வேப்பங்கொத்துப் புடவைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

கலையரசி மறுபடி என் பெஞ்சில் உட்காருகிறாள். நான் நோட்டு கேட்டால் கொடுக்கிறாள். ஆனால் முன்போல் எதையும் என்னைப் படித்துச் சொல்லச் சொல்வதில்லை. ஆங்கிலப் பாடத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். தப்பாகப் படித்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

அப்பா இப்போது பெருமாள் சேவித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார். யாரோடும் நிற்பதில்லை. என்னோடு பேசுகிறார். சாப்பாடு, பள்ளிக்கூடம், மின்சாரம் எப்போது வரும் என்பது போல.

போன ஞாயிறு உன் போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். "அம்மாகிட்ட குடு" என்றாய். நான் அண்ணா என்று ஆரம்பித்தேன். "அம்மாகிட்ட குடு" என்று அதே மாதிரி இன்னொரு முறை சொன்னாய். கொடுத்தேன். பெங்களூரில் ஒரு கால் சென்டருக்குப் போகப்போகிறாய் என்று அம்மா பிறகு சொன்னாள். அங்கே படம் கோக்கிற வேலை இல்லை என்றும் சொன்னாள்.

நான் எழுதிக் கொடுத்ததை மாற்ற மாட்டேன் அண்ணா. மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகும் நீயும் நானும் முன்போலவே இருப்போம், கொஞ்ச நாள் கோபம் இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதை நினைத்தது நான் மட்டும்தான். உன்னைக் கேட்கவில்லை.

பெங்களூர் விலாசத்தை அம்மாவிடம் கொடுத்தால், என்னிடம் காட்ட வேண்டாம் என்று நீ சொல்லிவிடலாம். அவள் காட்டமாட்டாள். நானும் தேடமாட்டேன். சொல்லாமல் விட்டால் எழுதுவேன்.

வீட்டில் எழுத முடியவில்லை என்பதால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஏழரை. நூலகர் காந்தா மேடம் பத்திரிகைகளை அடுக்கி முடித்துவிட்டு, "இன்னும் எவ்ளோமா இருக்குது?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொன்னேன். ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார். இப்போது என் மேசை விளக்கையும் அணைத்துவிட்டார்; இந்த வரியை வாசல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

லக்ஷணா